சிறு கட்டளையும் பெருஞ் சுமையும்: நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்ற திரான்சிற்றரைத் தெரிதல்

யாழ்ப்பாணத்தில் ‘திரான்சிற்றர்’ என்னுஞ் சொல் நெடுங்காலம் ஒரு மின்னுறுப்பைக் குறித்ததன்று. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு வானொலிப் பெட்டியையே குறித்தது. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மின்கலங்களும் கிடைத்தற்கு அரியனவாயின. அந்நாட்களிலே துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, மற்றையோர் சூழ்ந்திருந்து, தைனமோவிற் பிறந்த சிறு மின்னோட்டத்தைக் கொண்டு மாலைச் செய்தி கேட்ட குடும்பங்கள் பல. அக்காலத்துச் சிறுவருள் யானும் ஒருவன். மிகச் சிறிய வலியைக் கொண்டு பெரியதொரு பயனை விளைக்கும் ஆற்றல் அப்பெட்டியினுள்ளே இருந்த சிலிக்கன் துண்டுகளுக்கு உண்டு என்பதை அன்று நாம் அறிந்தோமல்லேம்.

இன்று அதே உறுப்பு வேறொரு பணியில் நம் மாணாக்கரின் கைக்கு வந்துள்ளது. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தொடங்கப்பட்ட பின்னர், நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சிறு கணிப்பொறியைக் கொண்டு விளக்கு, மின்விசிறி, நீரிறைக்கும் பொறி முதலியவற்றை ஏவும் செயற்றிட்டங்கள் பாடசாலைகளிற் பெருகின. அவற்றுள் நுண்கட்டுப்படுத்தி கட்டளையிடுவது. திரான்சிற்றர் அக்கட்டளையை நிறைவேற்றும் ஆளி. எக்கட்டளைக்கு எத்திரான்சிற்றர் பொருந்தும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். யான் பௌதிகவியல் பயின்று பட்டம் பெற்றவனல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றுப் புவியியல் கற்பிப்பவன். எனினும், ஒரு தவறு என்னை இதனைக் கற்கவைத்தது. அத்தவறு என்னுடையதே ஆதலின், அதனையே முதலிற் கூறுகின்றேன்.

நிகழ்ந்தது

காங்கேசன்துறையின் நிலம் சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த செம்மண். 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல்லை ஈந்த அப்பாறையே நமது குடிநீரையும் தாங்கி நிற்பது. மாரிக்காலத்தில் விழும் மழை பாறையின் வெடிப்புக்கள் வழியே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடன்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது புவியியலார் கணக்கு. ஆதலாற் கிணற்றிலே ஓர் அடி நீரை மிகையாக இறைத்தால், கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலெழ முயலும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிற்று. மின்பொறிக்குக் களைப்பில்லை.

பல்லாண்டுகளாக மக்கள் புகமுடியாதிருந்து, பின்னர்க் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் ஒன்றில், என் மாணவன் ஒருவனின் அம்மம்மா மீண்டும் தோட்டஞ் செய்யத் தொடங்கினார். முன்பெல்லாம் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுதற்கு ஆளிருந்தது, இன்று இல்லை. மண்ணின் ஈரத்தை அறிந்து, வேண்டும்போது மட்டும் நீரைத் திறந்துவிடும் கருவியொன்றை அம்மாணவன் செயற்றிட்டமாக அமைத்தான். 3.3 வோல்ற்றில் இயங்கும் ஈ.எஸ்.பி. 32 என்னும் நுண்கட்டுப்படுத்தி, 12 வோல்ற்றில் இயங்கும் வரிச்சுருள் வால்வு, இவ்விரண்டுக்கும் இடையே 2 என் 2222 என்னும் சிறு திரான்சிற்றர் ஆகியனவே அதன் உறுப்புக்கள். வால்வு எடுப்பது அரை அம்பியர். திரான்சிற்றர் தாங்குவது 600 மில்லியம்பியர் எனத் தரவுத்தாள் கூறிற்று. “தாங்கும்” என்று யான் ஒப்புதல் அளித்தேன்.

அன்றிரவே திரான்சிற்றர் வெந்தது. வெந்த திரான்சிற்றர் பெரும்பாலும் அறுந்து போவதில்லை. உள்ளே உருகிக் குறுஞ்சுற்றாகி, எப்போதும் மூடிய ஆளியாகிவிடுகின்றது. வால்வு விடியும்வரை திறந்து கிடந்தது. தொட்டி வற்ற வற்றக் கிணற்றுப் பொறி தானாக நிரப்பிற்று. ஈற்றிற் கிணறும் அடிகண்டது. மூன்றாம் நாள் அம்மூதாட்டி ஒரு செம்பு நீரை என்னிடம் நீட்டி, “மாஸ்ரர், தண்ணி கொஞ்சம் உவர்க்குது” என்றார். அவர் குறைகூறவில்லை. அதனாலேயே அச்சொல் என்னை மிகவும் வருத்திற்று.

சுமையும் கட்டளையும்

எந்தத் திரான்சிற்றர் என்று வினவுமுன் இரண்டு அளவுகளை அறிதல் வேண்டும். ஒன்று சுமை எடுக்கும் மின்னோட்டம். மற்றையது நுண்கட்டுப்படுத்தி தரவல்ல வோல்ற்றளவும் மின்னோட்டமும். நாம் பெரும்பாலும் முதலாவதை மட்டும் நோக்கி, இரண்டாவதை மறந்துவிடுகின்றோம்.

சுமையின் மின்னோட்டத்தை அறிதல் எளிது. மேற்சொன்ன வால்வின் சுருட்டடை 24 ஓம். 12 ஐ 24 ஆற் பிரிக்க, 0.5 அம்பியர் வரும். சுருட்டடை 70 ஓமாகவுள்ள 5 வோல்ற்று றிலே ஒன்று ஏறத்தாழ 71 மில்லியம்பியர் எடுக்கும். மோட்டர்கள் மட்டும் இவ்வாறல்ல. ஓடும்போது 3 அம்பியர் எடுக்கும் சிறு நீர்ப்பொறி, நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் அதன் பன்மடங்கை எடுக்கும். ஆதலின் மோட்டருக்குத் திரான்சிற்றரைத் தெரிபவர் புறப்பாட்டு மின்னோட்டத்தையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனிக் கட்டளையிடும் பக்கம். ஆடுயினோ பலகைகளிற் காணப்படும் ஏ.ரீ. மெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை 5 வோல்ற்றைத் தரும். அதிலிருந்து 40 மில்லியம்பியருக்கு மேல் எடுத்தல் ஒருபோதும் ஆகாது. 20 க்குள் நிறுத்துதலே முறை. 3.3 வோல்ற்றுப் பலகைகளில் 10 மில்லியம்பியருக்குள் அமைதல் இன்னும் நன்று. 71 மில்லியம்பியர் றிலேயைக்கூட இம்முனைகள் நேரே தாங்கமாட்டா என்பது இதனாற் பெறப்படும்.

இருமுனைவுத் திரான்சிற்றர்

1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பாடீன், பிறற்றெயின் ஆகியோர் முதலாவது திரான்சிற்றரை இயக்கிக் காட்டினர். சொக்லி அதனைத் தொடர்ந்து சந்தித் திரான்சிற்றரை வகுத்தார். மூவரும் 1956 இல் நோபல் பரிசு பெற்றனர். உயர்தர மாணாக்கர் கற்கும் காலி, அடி, சேகரிப்பான் என்னும் முக்கால் உறுப்பு அவ்வழி வந்ததே. அடியினுட் செல்லும் சிறு மின்னோட்டம், சேகரிப்பானிலிருந்து காலிக்குச் செல்லும் பெரு மின்னோட்டத்தை ஆளுகின்றது.

இதற்கு மூன்று நிலைகள் உண்டு. அடிமின்னோட்டம் இல்லையேல் துண்டிப்பு நிலை, சுமையில் மின்னோட்டமில்லை. அடிமின்னோட்டம் போதிய அளவினும் மிக்கிருந்தால் நிரம்பல் நிலை. சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ற்றின் சிறு பின்னமே எஞ்சும். இரண்டுக்கும் இடைப்பட்டது உயிர்ப்பு நிலை. வானொலியில் ஒலியைப் பெருக்குதற்கு வேண்டியது அதுவே. ஆனால் ஆளிக்கு அது நஞ்சு. திரான்சிற்றரில் வெப்பமாகும் வலு, அதன் குறுக்கேயுள்ள வோல்ற்றளவையும் அதனூடு செல்லும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. துண்டிப்பில் மின்னோட்டம் பூச்சியம். நிரம்பலில் வோல்ற்றளவு சிறிது. ஆகவே இரண்டிலும் வெப்பம் அற்பம். இடைநிலையில் இரண்டும் பெரியன. ஆதலின் வெப்பமும் பெரிது. பாதி திறந்த கதவிலேதான் விரல் நசியும்.

என் தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை இப்போது கணிக்கலாம். அடியோடு தொடுக்கப்பட்ட தடை 1000 ஓம். நுண்கட்டுப்படுத்தி தந்தது 3.3 வோல்ற்று, அதில் 0.7 அடிக்கும் காலிக்கும் இடையே செலவாக, எஞ்சியது 2.6 வோல்ற்று, எனவே அடிமின்னோட்டம் 2.6 மில்லியம்பியர். திரான்சிற்றரின் நயம் 100 எனக் கொண்டால், அது விடத்தக்கது 0.26 அம்பியர் மட்டுமே. வால்வுக்கு வேண்டியது 0.5. ஆகவே திரான்சிற்றர் நிரம்பல் நிலையை எய்தவில்லை. வால்வின் குறுக்கே ஏறத்தாழ 6.2 வோல்ற்றும், திரான்சிற்றரின் குறுக்கே எஞ்சிய 5.8 வோல்ற்றும் நின்றன. 5.8 ஐ 0.26 ஆற் பெருக்க 1.5 வாற்று. அச்சிறு பிளாத்திக்கு உறை அறைவெப்பநிலையிலே தாங்கக்கூடியது 0.625 வாற்று. ‘600 மில்லியம்பியர்’ என்று தாள் கூறியது பொய்யன்று. அந்த அளவுக்கு அதனை முற்றாகத் திறக்கும் அடிமின்னோட்டத்தை நாம் கொடுத்தோமா என்று யான் கேளாமையே பிழை.

ஆளியாக அமைக்கும்போது, தாளிற் காணும் நயத்தை நம்பாது, சேகரிப்பான் மின்னோட்டத்தின் பத்தில் ஒரு பங்கை அடிக்குக் கொடுத்தல் நெடுநாள் வழக்கு. 71 மில்லியம்பியர் றிலேக்கு அடிமின்னோட்டம் 7.1 வேண்டும். 5 வோல்ற்று முனையாயின் 4.3 வோல்ற்றை 7.1 மில்லியம்பியராற் பிரிக்க 605 ஓம் வரும்; கடையிற் கிடைக்கும் 560 ஓம் பொருந்தும். இப்பணிக்கு 2 என் 2222 நன்று. பீ.சீ. 547 இன் எல்லை 100 மில்லியம்பியர் ஆதலின், அது 30 மில்லியம்பியர் எடுக்கும் 12 வோல்ற்று றிலேக்கு ஏற்றது. 71 க்கு ஒதுக்கம் போதாது. அரை அம்பியர் வால்வுக்கோ 50 மில்லியம்பியர் அடிமின்னோட்டம் வேண்டும். அதனை எம்முனையுந் தராது. ஆகவே அவ்வால்வுக்கு இவ்வகைத் திரான்சிற்றர் தனித்து நின்று உதவாது.

இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. 1953 இற் சிட்னி டார்லிங்டன் என்பார், ஒரு திரான்சிற்றரின் வெளியீட்டை மற்றொன்றின் அடிக்கு ஊட்டும் இணையை வகுத்தார். நயங்கள் இரண்டும் பெருகி ஆயிரத்தை எட்டும். ரீ.ஐ.பி. 120 அத்தகையது. இரண்டு மில்லியம்பியர் அடிமின்னோட்டமே வால்வைத் திறக்கப் போதும். ஆனால் அதற்கு ஒரு கூலி உண்டு: முற்றாகத் திறந்த நிலையிலும் ஒரு வோல்ற்றை அண்டிய அளவு அதிலே தங்கும். அரை அம்பியரில் இதனாலுண்டாகும் அரை வாற்று வெப்பத்தைப் பொறுக்கலாம். 3 அம்பியர் நீர்ப்பொறியில் இழப்பு 2 வோல்ற்று வரை செல்லலாம்; அப்போது 6 வாற்று வெப்பம்; வெப்பத்தைக் காற்றிற் பரப்பும் அலுமினியத் தகடு இன்றியமையாததாகும். பல சிறு றிலேக்களை ஏவுவோர்க்கு, ஏழு டார்லிங்டன் இணைகளை ஓர் உறையில் அடக்கிய யூ.எல்.என். 2003 சிறந்த துணை.

படலையுடைய திரான்சிற்றர்

வால்வுச் சம்பவத்தின் பின், இன்னும் ‘பெரிய’ திரான்சிற்றரே மருந்து என எண்ணினேன். 33 அம்பியர் எனப் பெயர்பெற்ற ஐ.ஆர்.எவ். 540 என் என்பதை வாங்கிப் பொருத்தினோம். மேசையிலே இருமுறை வால்வு சோம்பலாகத் திறந்தது. மூன்றாம் முறை திறக்கவேயில்லை. உறுப்போ தொடமுடியாதவாறு சுட்டது. அரை அம்பியரை ஆளவியலாத 33 அம்பியர்த் திரான்சிற்றர்! இப்புதிரின் விடையே இப்பொருளின் மையம்.

இது புலவிளைவுத் திரான்சிற்றர் வகையைச் சேர்ந்தது. ஒட்சைட்டுப் படையாற் காவலிடப்பட்ட இவ்வகையை 1959 இற் பெல் ஆய்வுகூடத்தில் அற்றல்லா, காங் ஆகிய இருவரும் ஆக்கினர். இதன் மூன்று முனைகள் முதல், வடிகால், படலை என்பன. நம் வீட்டு வாயிலுக்கு நாம் வழங்கும் பெயரையே நம் பாடநூல்கள் அம்முனைக்கு இட்டன, பொருத்தமும் அதுவே. படலையைத் திறந்து வைத்திருத்தற்கு இடையறாத மின்னோட்டம் வேண்டா. போதிய வோல்ற்றளவு நின்றாற் போதும். இருமுனைவுத் திரான்சிற்றர் ஊட்டத்தைக் கேட்பது. இதுவோ உயரத்தைக் கேட்பது.

எவ்வளவு உயரம்? தாளிலே ‘தொடக்க வோல்ற்றளவு 2 முதல் 4 வரை’ எனக் கண்டேன். 3.3 அதனுள் அடங்குகின்றதே என மகிழ்ந்தேன். அவ்வரியின் ஓரத்திலே சிறிதாக அச்சிட்டிருந்த நிபந்தனையை வாசித்தேனல்லேன். அத்தொடக்க அளவு 250 மைக்ரோ அம்பியர் செல்லும் நிலைக்கு உரியது. அதாவது ஓர் அம்பியரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. படலை திறந்தது என்பதற்கன்று, அதன் நாதாங்கி அசைந்தது என்பதற்கே அவ்வெண் சான்று. அவ்வுறுப்பின் தடை 0.044 ஓம் எனக் கூறும் வரியின் ஓரத்திலே ‘படலையில் 10 வோல்ற்று’ என்ற நிபந்தனை நிற்கின்றது. 3.3 வோல்ற்றில் அது பாதி திறந்து, மீண்டும் அந்த இடைநிலை வெப்பத்தில் எரிந்தது.

ஆகவே நுண்கட்டுப்படுத்திக்குத் தெரிய வேண்டியது, அதன் வோல்ற்றளவிலேயே தடை உறுதிசெய்யப்பட்ட திரான்சிற்றர். ஐ.ஆர்.எல்.இசட். 44 என் என்பதன் தாளிற் படலை 5 வோல்ற்றாயிருக்கையில் தடை 0.025 ஓமைத் தாண்டாது என உறுதி உண்டு. 5 வோல்ற்றுப் பலகைக்கு அது தகும். 3 அம்பியர் நீர்ப்பொறியில் அதனுள் விளையும் வெப்பம், ஒன்பதை 0.025 ஆற் பெருக்க 0.225 வாற்று, டார்லிங்டன் இணையின் 6 வாற்றோடு ஒப்புநோக்குக. ஆயினும் அதன் உறுதி 4 வோல்ற்றோடு நின்றுவிடுகின்றது, 3.3 க்கு அத்தாளில் வாக்கு இல்லை. 3.3 வோல்ற்றுப் பலகைக்கு 2.5 வோல்ற்றிலேயே தடை கூறப்பட்ட உறுப்பு வேண்டும். ஏ.ஓ. 3400 ஏ என்னும் அரிசியளவான உறுப்பின் தடை, 2.5 வோல்ற்றில் 0.05 ஓமுக்குட்பட்டது. அரை அம்பியரில் அதன் வெப்பம் 0.0125 வாற்று. வெந்துபோன திரான்சிற்றரின் 1.5 வாற்றோடு ஒப்பிட்டால், இது நூற்றிருபதில் ஒரு பங்கு. அம்மாணவனின் கருவியிலே இன்று பணிபுரிவது அதுவே.

இவ்வகைக்கு ஒரு காவல் வேண்டும். நுண்கட்டுப்படுத்தி விழித்தெழும் சிறு பொழுதில் அதன் முனை எக்கட்டளையும் இடாது மிதக்கும். படலையிலே தங்கிய மின்னேற்றம் அப்போது வால்வைத் திறந்துவிடலாம். படலைக்கும் முதலுக்கும் இடையே 10,000 ஓம் தடையொன்று இட்டால், கட்டளை இல்லாதபோது படலை மூடியே இருக்கும்.

சுருளின் எதிர்ப்பு

வால்வு, றிலே, மோட்டர் யாவும் சுருள்கள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், தன்தூண்டலால் அது எதிர்த்து எழுந்து, 12 வோல்ற்றுச் சுற்றிலேயே நூற்றுக்கணக்கான வோல்ற்றை விளைக்கும். 40 வோல்ற்றைத் தாங்கும் திரான்சிற்றர் அதன்முன் நில்லாது. சுருளின் குறுக்கே ஓர் இருவாயியை, அதன் வரையிட்ட முனை நேர்ப்பக்கத்தை நோக்குமாறு தொடுத்தால், அம்மின்னோட்டம் சுருளினுள்ளேயே சுழன்று அடங்கும். ஒன்று என் 4007 என்பது சில ரூபாக்களுக்குக் கிடைப்பது. அதனை விடுத்தல் சிக்கனமன்று.

230 வோல்ற்றில் இயங்கும் கிணற்றுப் பொறியை மேற்கூறிய திரான்சிற்றர்கள் நேரே ஆளமாட்டா. அதற்குத் திரான்சிற்றர் றிலேயை ஏவ, றிலே பொறியை ஏவுதல் வேண்டும். அப்பகுதியை மாணாக்கர் தொடாது, தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு அமைத்தலே முறை.

தவறினாலும் கேடு விளையாமை

எல்லாவற்றையும் முறையே தெரிந்தெடுத்தாலும், ஒரு நாள் உறுப்புத் தவறும். அது தவறும்போது பெரும்பாலும் மூடிய ஆளியாகவே தவறும் என்பதை முன்னரே கண்டோம். ஆதலின் நன்மையை நுண்கட்டுப்படுத்தியிடம் ஒப்படைத்தாலும், காவலை அதனிடம் மட்டும் ஒப்படைத்தல் ஆகாது. இப்போது அக்கிணற்றினுள்ளே ஒரு மிதவை ஆளி தொங்குகின்றது. நீர் குறித்த மட்டத்துக்குக் கீழிறங்கினால், அது எக்கணிப்பொறியையுங் கேளாது பொறியை நிறுத்திவிடும். அடுத்த மாரிமழை கிணற்றை நிரப்பிய பின் நீரின் உவர்ப்பும் நீங்கிற்று.

தொகுத்து நோக்கின், தெரியும் முறை இதுவாகும். முதலிற் சுமையின் மின்னோட்டத்தை அளக்க. பின் கட்டளை முனையின் வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் அறிக. 100 மில்லியம்பியருக்கு உட்பட்ட சிறு றிலேக்கு, பத்தில் ஒரு பங்கு அடிமின்னோட்டத்தோடு இருமுனைவுத் திரான்சிற்றர் போதும். அதற்கு மேலாயின், கட்டளையின் வோல்ற்றளவிலேயே தடை உறுதிசெய்யப்பட்ட புலவிளைவுத் திரான்சிற்றரைத் தெரிக. வேறு கிடையாவிடத்து, வெப்பத்தைக் கணக்கிட்டு டார்லிங்டன் இணையைக் கொள்க. சுருளாயின் இருவாயியை மறவற்க.

இவை அனைத்துக்கும் அடியில் ஒரே பாடமே உள்ளது. தரவுத்தாளின் முதற்பக்கத்திற் பெரிதாக அச்சிட்ட எண், அவ்வுறுப்பு யாது செய்யவல்லது என்பதைச் சொல்லும். ஓரத்திற் சிறிதாக அச்சிட்ட நிபந்தனையோ, எப்போது செய்யும் என்பதைச் சொல்லும். முன்னதை வாசித்து ஒப்பமிட்ட ஆசிரியன் ஒருவன், பின்னதை ஒரு செம்பு நீரிலே கற்றான். மாணாக்கர் அதனைத் தாளிலேயே கற்பாராக.